ஆண் வாரிசு இல்லை

ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி விட்டுக்கிறேண்ணே, காத்து வரட்டும். நீங்க பரமக்குடியில எறங்குறீகளா? நான் அங்க எறங்கி இன்னொரு பஸ் பிடிக்கணும். கூத்தன்வயல்னு சின்ன ஊரு, கேள்விப்பட்டிருக்க மாட்டீக. பொழப்பு திருப்பூருல. இருபத்தெட்டு வருசமாச்சு. பனியன் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசர். அங்க முத்துன்னு கூப்பிடுவாக. முழுப்பேரு முத்திருளாண்டி.

ஊருல ஆரு இருக்காகன்னு கேட்டீகள்ல? ஆத்தா இருக்கு. பேரு இருளாயி. ஆமா, ஒத்தையிலதான். எனக்குக் கூடப்பொறந்தவுக இல்ல, நான் ஒருத்தன்தான். ஆரு பாத்துக்கிறான்னு கேக்குறீக. எல்லாரும் கேக்குறதுதான், தப்பா எடுத்துக்கல. ஆனா அந்தக் கேள்விக்கு சர்க்கார்ல ஒரு பதிலு எழுதி வச்சிருந்தாக. அதை நான் மைக்குல கேட்டேண்ணே. ஊரே உக்காந்திருக்க, மைக்குல.

மே ஒண்ணாந்தேதி எங்களுக்கு லீவு. அந்த வருசம் சேந்தாப்புல ரெண்டு நாள் கெடச்சுச்சு, ஊருக்குப் போயிருந்தேன். அன்னைக்கு கிராம சபை. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில பெஞ்சு போட்டு, யூனியன் ஆபீஸ்ல இருந்து ஒரு அதிகாரி வந்து உக்காந்திருக்காரு. பிரசிடெண்டு, கிளார்க்கு, வி.ஏ.ஓ. எல்லாரும் இருக்காக. என்னியக் கூப்பிட்டு முன்னால சேர் போட்டாக. ஏன்னா நான் திருப்பூருல எங்க ஊர்ச்சங்கத்துக்குச் செயலாளர். கோயில் திருவிழா பிளக்ஸ்ல என் போட்டோ வரும். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுத்தான் போயிருந்தேன்.

கிளார்க்கு ஒவ்வொரு திட்டமா வாசிக்கிறாரு. யாருக்கு வீடு வந்துச்சு, யாருக்குக் கக்கூஸ் வந்துச்சு, இப்பிடி. கடைசியா முதியோர் பென்சன். "ஆதரவற்ற முதியோர் பட்டியல்"னு வாசிக்கிறாரு. மூணாவது பேரு. "இருளாயி, கணவர் பெயர் காலஞ்சென்ற மூக்கன். ஆண் வாரிசு இல்லை."

எனக்கு முதல்ல வெளங்கல. வேற இருளாயின்னு நெனச்சேன். எங்க ஊருல நாலு இருளாயி உண்டு. மூக்கன் ஒருத்தர்தான். பின்னால ஒருத்தன் சிரிச்சான். "அப்ப முன்னால சேர்ல உக்காந்திருக்கிறது ஆரப்பா?"ன்னான். சிரிப்பு அப்பிடியே பரவுச்சு. பொம்பளையாளுக பக்கம் திரும்பிப் பாத்தேன். ஆத்தா அங்கதான் உக்காந்திருந்துச்சு. தலையக் குனிஞ்சு மண்ணைக் கீறிக்கிட்டு இருந்துச்சு.

அண்ணே, சும்மா சொல்லக் கூடாது, அந்த நேரத்துல எனக்கு ஆத்தா மேல வந்த கோவம் வேற ஆரு மேலயும் வந்தது கெடையாது. குத்துக்கல்லாட்டம் நான் இருக்கையில, புள்ளை இல்லேன்னு எழுதிக் குடுத்துருச்சேன்னு. எந்திரிச்சுட்டேன். வி.ஏ.ஓ. சவரிமுத்துன்னு வயசான மனுசன், என்னியப் பாத்துக் கையைக் கீழ அமத்தி அமத்திக் காட்டுறாரு, உக்காரு உக்காருன்னு. தப்பு பண்ணுனவன் பயப்படுறான்னு நெனச்சுக்கிட்டேன். கிளார்க்கு கையில இருந்து மைக்கை வாங்கினேன்.

"இருளாயிக்கு மகன் இருக்கான். நான்தான் அந்த மகன். என் தாய்க்குச் சோறு போட எனக்குத் தெரியும். ஒங்க பிச்சைக்காசு வேண்டாம். இப்பவே அடிச்சு விடுங்க"ன்னேன்.

கைதட்டுனாகண்ணே. சிரிச்சானே ஒருத்தன், அவனும் தட்டுனான். யூனியன் அதிகாரி எந்திரிச்சு என் கையைப் பிடிச்சு, "ஊருக்கு ஊரு உங்கள மாதிரி ஒரு புள்ளை இருந்தா அரசாங்கத்துக்கு இந்தத் திட்டமே வேண்டாம்"னாரு. ஒரு தாளைக் குடுத்தாரு. என் தாயாரை நான் பராமரித்து வருகிறேன், உதவித்தொகை தேவையில்லைன்னு எழுதி, முத்திருளாண்டின்னு முழுப்பேரும் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து நல்லா வரும் எனக்கு.

வீட்டுக்குப் போனா ஆத்தா கருவாட்டுக் குழம்பு வச்சிருந்துச்சு. ஒரு வார்த்தை கேக்கல. நான்தான் கத்துனேன். "நான் என்ன செத்தா போனேன்?"னேன். "அப்பிடிச் சொல்லாதடா"ன்னுச்சு. அம்புட்டுத்தான். கொஞ்ச நேரங்கழிச்சு, "கண்ணு மருந்துக்கும் வெத்தலைக்கும் அது ஆயிப்போகும்"னு மெல்லச் சொல்லுச்சு. நான் அனுப்புறேன், மாசம் பொறந்தா வந்துரும்னேன்.

அனுப்புனேன். அனுப்பலேன்னு சொல்ல மாட்டேன். மூணு மாசம் அனுப்புனேன். அப்புறம் மகளுக்குக் காலேஜ் சேக்குறது வந்துச்சு. கம்பெனியில ஆர்டர் கொறைஞ்சு ஓவர்டைம் நின்னு போச்சு. அடுத்த மாசம் சேத்து அனுப்பிக்கலாம்னு நெனச்சேன். சேத்து அனுப்புறதுன்னா பெருசாத் தெரியும், அதுக்கடுத்த மாசம்னு நெனச்சேன். ஆத்தா போன் பண்ணிக் கேக்காது. கேக்குற ஆளா இருந்தா அனுப்பியிருப்பேன். அதையும் அது மேலயே போடுறேன் பாருங்க.

கூட வச்சிக்க வேண்டியதுதானேன்னு நெனப்பீக. ஒரு தடவை கூட்டியாந்தேன். நாங்க இருக்குறது லைன் வீடு, ஒரு ரூம்பு, ஒரு அடுப்படி. பத்து வீட்டுக்கு ரெண்டு கக்கூஸ். என் பொஞ்சாதி மலர்க்கொடிக்கும் அதுக்கும் ஒத்து வரலேன்னு ஊருல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். ஒங்ககிட்ட என்ன? மலர்க்கொடி ஒண்ணும் சொல்லல. ஆத்தா வாசல்ல உக்காந்து வெத்தலை போட்டுத் துப்புறதை ஹவுஸ் ஓனர் ஒரு மாதிரியாப் பாத்தாரு. நான்தான், "ஊருல ஒனக்கு வசதியா இருக்கும்ல ஆத்தா"ன்னேன். மறுநாளே பையை எடுத்துருச்சு.

ஐப்பசி மாசம், சங்கத்து ஆளுக அஞ்சு பேரு வேன் பிடிச்சு ஊருக்குப் போனோம், கோயில் வேலையைப் பாக்க. வேன்காரரு திருப்பூருக்காரரு. எங்க பக்கம் நீங்க பாத்திருப்பீக, ரோட்டோரமெல்லாம் சீமைக்கருவேலம். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பாக. அந்த வேலைக்குப் போறவுக பல்லைத் தவுர எல்லாம் கறுப்பா இருப்பாக. ஊருக்கு ரெண்டு மைலு இருக்கையில, ஒரு கெழவி கருவேலங்கட்டைத் தலையில வச்சுக்கிட்டு ரோட்டோரமாப் போகுது. ஒரு காலை இழுத்து இழுத்து. வேன்காரரு ஆரன் அடிச்சதும் பள்ளத்துல எறங்கி நின்னு, கட்டோட அப்பிடியே திரும்பிப் பாத்துச்சு.

கரி பூசுன அந்த மொகத்தைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சுண்ணே.

வேன்காரரு சொல்றாரு, "பாவம், இந்த வயசுல போய் முள்ளு வெட்டுது. புள்ளைங்க யாரும் இல்ல போலிருக்கு." பொருளாளர் ராசுவும் எங்க ஊருதான், எங்க ஆத்தா கையால சோறு தின்னவன். அவனும் பாத்தான்னுதான் நெனக்கிறேன். ஏன்னா சட்டுன்னு போனை எடுத்து நோண்ட ஆரம்பிச்சுட்டான். வேனு போயிருச்சு. நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாரு.

கோயில் வேலையெல்லாம் பாத்துட்டு மத்தியானம் வீட்டுக்குப் போனேன். குளிச்சு, திருநீறு பூசி, மடிச்ச சேலை கட்டி உக்காந்திருக்கு. காதுமடல் இடுக்குல மட்டும் கரி இருந்துச்சு. டீ போட்டுக் குடுத்துச்சு. உள்ளங்காலு வீங்கிப் பழுத்திருந்துச்சு. "என்ன ஆத்தா?"ன்னேன். "கால் ஆணி"ன்னுச்சு. நானும் ஆணிதான் போலன்னு வச்சுக்கிட்டேன். பக்கத்து வீட்டு பாக்கியம் மதினிதான் நான் கெளம்பையில தெருவுல மறிச்சு, "முள்ளுப் பாய்ஞ்சு மூணு வாரமாச்சு, கொழுந்தனாரே. பென்சன் நின்னதுல இருந்து கரிக்குப் போகுது. நீங்க குடுத்த கையெழுத்துதான்"னாக.

அதுக்கப்புறந்தான் லீவு போட்டு வந்தேன். ஆத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயி முள்ளை எடுத்தோம். மறுநா தாலுகா ஆபீசுக்குப் போனேன். பென்சனைத் திரும்பப் போடச் சொல்லி மனு. அங்க எங்க ஊரு புது வி.ஏ.ஓ. இருந்தாக, ஜெயராணின்னு ஒரு அம்மா, சின்ன வயசுதான். மனுவை வாங்கிப் பாத்துட்டு, என்னியப் பாத்துட்டு, பீரோவுல இருந்து ஒரு பைலை எடுத்தாக. மேல என் கையெழுத்து.

"நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே, சார்."

"தெரியாம எழுதிட்டேம்மா."

"தெரியாமன்னா? பராமரிக்கலையா?"

நான் என் கையெழுத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தம்மா, "விதி இப்படித்தான் இருக்கு. வயசுக்கு வந்த மகன் இருந்தா, ஆதரவு இருக்குன்னு அரசாங்கம் எடுத்துக்கும்"னாக. அப்ப விதி அப்பிடி. பின்னால மாத்திட்டாகன்னு சொல்லுறாக, நான் விசாரிக்கல. "யாரோ நல்ல குடும்பத்து ஆளுங்க உக்காந்து எழுதியிருப்பாங்க, சார். மகன்னா சோறு போடுவான்னு அவங்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது"ன்னாக. குத்திக் காட்டுறாகளா, சும்மா சொல்லுறாகளான்னு எனக்குத் தெரியல.

எனக்கு அப்பவும் ஒரு ரோசம் கெடந்துச்சு பாருங்க. "அதுக்காக எங்க ஆத்தா மகனே இல்லேன்னு சொல்லலாமா?"ன்னேன்.

அந்தம்மா பைலை மூடிட்டாக. "உங்கம்மா அப்படிச் சொல்லல, சார். சவரிமுத்து சார் விசாரணைக்குப் போனப்ப நான் பயிற்சியில இருந்தேன், கூடப் போயிருந்தேன். மகன் இருக்கான், திருப்பூர்ல பெரிய வேலைன்னுதான் அந்தம்மா சொன்னாங்க. சார் எந்திரிச்சுப் போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். உலை வச்சு ரெண்டு நாளாச்சுன்னு பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. மகன் இருக்கான்னு எழுதினா இந்த மனு இங்கேயே நின்னுரும் ஆத்தா, இல்லைன்னு எழுதுறேன், ரேகை வைங்கன்னார். அந்தம்மா கையைப் பின்னால கட்டிக்கிட்டாங்க. இருக்குற புள்ளைய இல்லேன்னு எப்பிடிச் சொல்றது, நாக்கு அழுகிப்போகும்னாங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், பாவம் என்னோட சேரட்டும்னு சார்தான் எழுதினார். அரைமணி நேரம் பேசித்தான் ரேகை வாங்கினோம்."

"சவரிமுத்து சார் இப்ப எங்கம்மா?"ன்னேன்.

"நீங்க மைக்குல பேசினதுக்கப்புறம் பொய் அறிக்கை குடுத்தார்னு மெமோ. ரிட்டயர் ஆக நாலு மாசம் இருந்துச்சு. இப்ப அவரோட பென்சனும் நின்னு கெடக்கு."

அந்த மனுசன் கையை அமத்தி அமத்திக் காட்டுனது கண்ணு முன்னால வந்துச்சு. அவரு வீடு அந்தத் தாலுகா ஆபீஸ் இருக்குற ஊருலதான், மாதா கோயில் தெருன்னாக. போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன். பஸ்ஸு அரைமணிக்கு ஒண்ணு உண்டு.

ஜெயராணியம்மா நல்லவுகண்ணே. ஒரு வழி சொன்னாக. வீட்டுக்கு விசாரணைக்கு வருவேன், மகன் இருந்தும் பாக்கலேன்னு அம்மாவும் சொல்லணும், மகனும் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணும், நான் சிபாரிசு பண்ணி மேல அனுப்புறேன்னாக. "உங்க வாயால ஒரு வார்த்தை, சார். அது போதும்." சரிம்மான்னேன். முதல் நாளே ஆத்தாகிட்டச் சொல்லி வச்சேன். மகன் பாக்கலேன்னு சொல்லணும், தெரியுதான்னேன். தலையத் தலைய ஆட்டுச்சு.

சனிக்கிழமை காலையில ஸ்கூட்டியில வந்தாக. விசாரணைன்னா சாட்சி வேணும்ல, பாக்கியம் மதினியைக் கூப்பிட்டாக. வி.ஏ.ஓ. வந்துருக்காகன்னதும் தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் நின்னுட்டான். பிரசிடெண்டு வந்துட்டாரு. சங்கத்து ராசு லீவுல வந்திருந்தவன், அவனும் வந்து நிக்கிறான். நான் தூணுல சாஞ்சு நிக்கிறேன். வெள்ளைச் சட்டைதான்.

அந்தம்மா ஆத்தாகிட்ட உக்காந்து, மெல்லத்தான் கேட்டாக. "ஆத்தா, மகன் உங்களைப் பாத்துக்கிறாரா?"

ஆத்தா என்னியப் பாத்துச்சு. அப்புறம் கூடி நிக்கிற ஆளுகளை ஒவ்வொருத்தராப் பாத்துச்சு. பாத்துட்டுச் சத்தமாச் சொல்லுச்சுண்ணே, அது அம்புட்டுச் சத்தமாப் பேசி நான் கேட்டதில்ல.

"பாக்குறாம்மா. நல்லாப் பாக்குறான். மாசம் பொறந்தா அனுப்பிருவான். தீவாளிக்குச் சேலை, பொங்கலுக்குச் சேலை. தெனமும் போன்ல பேசாமச் சாப்பிட மாட்டான். கூட வந்து இரு, கூட வந்து இருன்னு கெஞ்சுறான், எனக்குத்தான் டவுனு ஒத்துக்கலை. கரிக்கு நான் பொழுது போகாமப் போனது. அதுக்கே என்னிய வைதான்."

பாக்கியம் மதினி சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டாக. ஜெயராணியம்மா எழுதல. பேனாவைக் கையில வச்சுக்கிட்டே என் பக்கம் திரும்புனாக.

"நீங்க சொல்லுங்க, சார். அம்மா சொல்றது சரியா?"

இல்லைன்னு சொல்லணும். அதுக்குத்தான் அந்தம்மா ஸ்கூட்டியில அம்புட்டுத் தூரம் வந்திருக்காக. இல்லைன்னு ஒரு வார்த்தை. பிரசிடெண்டு பாக்குறாரு. ராசு பாக்குறான். மே மாசம் கைதட்டுனவன் அம்புட்டுப் பேரும் அங்கதான் நிக்கிறான்.

"ஆத்தா சொன்னாச் சரிதாம்மா"ன்னேன்.

அந்தம்மா அதையே எழுதிட்டு எந்திரிச்சாக. நான் ஸ்கூட்டி வரைக்கும் கூடப் போனேன். ஆளுக காதுல விழாம, "மாசக்கடைசி வரைக்கும் இதை மேல அனுப்ப மாட்டேன். நீங்க தனியா ஆபீசுக்கு வாங்க. ஊர்க்காரங்க யாரும் இருக்க மாட்டாங்க. நானும் நீங்களும்தான். வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க"ன்னாக. வர்றேம்மான்னேன்.

திரும்பி வந்தா ஆத்தா அடுப்படியில உக்காந்திருக்கு. என் மொகத்தைப் பாத்துக்கிட்டே கேக்குது.

"போன தடவை என்னால ஒனக்குத் தலைக்குனிவாப் போச்சு. இந்தத் தடவை சரியாச் சொன்னேனாடா?"

சொல்லி வச்சதை மறந்துருச்சா, மறக்காமத்தான் அப்பிடிச் சொல்லுச்சான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கேட்டதும் இல்ல. "சரியாத்தான் சொன்ன ஆத்தா"ன்னேன்.

மாசக்கடைசி வெள்ளிக்கிழமை வந்துச்சு. நான் ஷிப்ட்ல இருந்தேன். லீவு கேட்டாக் குடுத்திருப்பாக. நான் கேக்கல.

தை மாசம் தாலுகா ஆபீஸ்ல இருந்து ஆத்தாவுக்குத் தபால் வந்திருக்கு. பாக்கியம் மதினி மக படிச்சுச் சொல்லியிருக்கு. மனுதாரரை அவரது மகன் நல்ல முறையில் பராமரித்து வருவதாகத் தெரிய வருவதால் மனு நிராகரிக்கப்படுகிறதுன்னு. கீழ கையெழுத்து, ரவுண்டு சீலு எல்லாம் இருக்கு. ஆத்தாவுக்கு எழுத்து தெரியாது. நிராகரிப்புங்கிறதை அது காதுலயே வாங்கிக்கல. அந்தத் தாளை பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிக்கிட்டு, வீட்டுக்கு ஆரு வந்தாலும் எடுத்துக் காட்டுதாம். என் மகன் பாக்குறான்னு சர்க்காரே எழுதிக் குடுத்திருக்குன்னு சொல்லுதாம். கரிக்குப் போற எடத்துக்கும் கொண்டு போயிக் காட்டுச்சுன்னு மதினி சொன்னாக.

போன தடவை போயிருந்தப்ப எனக்கும் எடுத்துக் காட்டுச்சு. கையில வாங்கி, முழுசாப் படிச்சேன். கறுப்பு விரலு பட்டு ஓரமெல்லாம் அழுக்கு. "என்னடா எழுதியிருக்கு?"ன்னுச்சு.

"நான் ஒன்னிய நல்லாப் பாத்துக்கிறேன்னு எழுதியிருக்கு ஆத்தா"ன்னேன்.